சாக்லேட் கட்டியில் அரோமட்டேஸ் மரபணு கூடித் தெரிவது நோயாலா, மாதிரியோடு வந்த சினைப்பைத் திசுவாலா?

கேள்வி: முதுகலை மாணவி, திருமங்கலம்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் உயிர்த்தொழில்நுட்பவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எண்டோமெட்ரியோசிஸ் பாதித்த திசுவில் எந்தெந்த மரபணுக்களின் வெளிப்பாடு மாறுகிறது என்பதை இறுதிப் பருவத் திட்டப்பணிக்கு எடுத்திருக்கிறேன். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலோ வயிற்று உள்ளுறையிலோ குடலின் மேலோ வளர்வதுதான் இந்த நோய். என் அக்கா பள்ளிக் காலத்திலிருந்தே மாதவிடாய் வலியால் துடித்தும், "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்ற பேச்சையே கேட்டுக் கேட்டுப் பல ஆண்டுகள் கழித்து லேப்ராஸ்கோப்பி செய்த பிறகுதான் நோயின் பெயரை அறிந்தாள். நான் இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

ஆய்வகத்தில் எனக்கென்று திசு மாதிரி கிடையாது. ஆகவே பொதுத் தரவுக் களஞ்சியத்திலிருந்து ஒரு மைக்ரோஅரே (ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே நேரத்தில் அளக்கும் முறை) தொகுப்பை எடுத்து, ஒருபுறம் இந்த நோயால் சினைப்பையில் உண்டாகி, பழைய இரத்தம் தேங்கி நிற்கும் சாக்லேட் கட்டியின் சுவரையும் மறுபுறம் நோயில்லாத பெண்களின் கருப்பை உட்சவ்வையும் வைத்து ஒப்பிட்டேன். ஸ்டார், எஸ்.எஃப்.-1, அரோமட்டேஸ், ஈஸ்ட்ரோஜனின் பீட்டா ஏற்பி ஆகியவற்றின் மரபணுக்கள் கட்டியில் வெகுவாகக் கூடியிருக்கின்றன. புரொஜெஸ்டிரோன் ஏற்பியும் ஈ-கேட்ஹெரின் போன்ற எபிதீலிய மரபணுக்களும் குறைந்திருக்கின்றன. இம்யூனோகுளோபுலின் மரபணுக்கள் பட்டியலின் மேற்பகுதியிலேயே நிற்கின்றன. பாடநூல் சொல்வதோடு எல்லாம் பொருந்திவருகிறதே என்று மகிழ்ந்திருந்த நேரத்தில், வழிகாட்டிப் பேராசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது நோயின் பட்டியலா, சினைப்பையின் பட்டியலா?" என்று கேட்டார். இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: உயிர்த்தகவலியல் ஆய்வாளர், நாகமலை புதுக்கோட்டை

தங்கைக்கு வணக்கம். உங்கள் பேராசிரியரின் கேள்வி இந்தத் துறையில் பல ஆண்டுகளாக நடந்துவரும் விவாதத்தின் மையத்திலேயே நிற்கிறது. ஸ்டார், எஸ்.எஃப்.-1, அரோமட்டேஸ் ஆகிய மூன்றும் ஈஸ்ட்ரோஜன் உற்பத்திக்கான மரபணுக்கள். இயல்பான சினைப்பை மாதந்தோறும் செய்யும் வேலையே அதுதான். சினைப்பையிலிருந்து எடுத்த கட்டிச் சுவரைக் கருப்பை உட்சவ்வோடு ஒப்பிட்டால், அந்தச் சுவரில் சினைப்பைத் திசு சிறிதளவு ஒட்டியிருந்தாலும் இந்த மூன்றும் மேலே வந்து நிற்கும். நோய் அந்த ஏற்றத்தில் பங்கு கொள்ளாமல் இருந்தாலும் இதே முடிவுதான் கிடைக்கும்.

இரு தரப்பின் சான்றுகளையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கருப்பைக்கு வெளியே வளரும் இத்திசு தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே செய்துகொள்கிறது என்ற கருத்தை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் சிக்காகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்தார் புலுன். அவருடைய குழு கட்டிச் சுவரை அப்படியே அரைத்து அளந்ததோடு நிற்கவில்லை. சுவரிலிருந்து ஸ்ட்ரோமா செல்களை (சுரப்பிகளைச் சூழ்ந்து தாங்கும் இணைப்புத்திசுச் செல்களை)ப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்து, இயல்பான உட்சவ்வின் ஸ்ட்ரோமா செல்களில் எஸ்.எஃப்.-1 மரபணுவை இயக்கும் புரமோட்டர் பகுதி, டி.என்.ஏ.வில் மெத்தில் தொகுதிகள் ஒட்டும் மெத்திலேற்றத்தால் அடைபட்டிருக்கிறது என்றும், நோய்ச் செல்களில் அந்த அடைப்பு நீங்கியிருக்கிறது என்றும் 2007இல் காட்டியது. பீட்டா ஏற்பிக்கும் அவர்கள் இதே விளக்கத்தைத் தந்தார்கள். மாறாக, பெல்ஜியம் நாட்டு ஆய்வுக் குழு ஒன்று 2009இல் வெளியிட்ட கட்டுரை, வயிற்று உள்ளுறையில் இருந்த புண்களில் அரோமட்டேஸ் புரதமே தென்படவில்லை என்றும், சினைப்பைக் கட்டிகளில் சிறிதளவு தெரிந்தது அங்கே கலந்திருந்த, சினைமுட்டையைத் தாங்கும் நுண்பைகளிலிருந்து வந்திருக்கக்கூடும் என்றும் வாதிட்டது. உங்கள் பேராசிரியரின் ஐயம் இந்த இரண்டாம் தரப்பைச் சார்ந்தது.

என் கணிப்பில் பீட்டா ஏற்பி, எஸ்.எஃப்.-1, புரொஜெஸ்டிரோன் ஏற்பி பற்றிய முடிவுகள் உறுதியானவை, ஏனெனில் அவை பிரித்தெடுத்த செல்களிலும் மெத்திலேற்ற அளவிலும் நிற்கின்றன. அரோமட்டேஸ் எவ்வளவு கூடுகிறது என்ற அளவை மட்டும் முழுத்திசுத் தரவிலிருந்து எடுத்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் அதை ஒதுக்கிவிடவும் முடியாது. மாதவிடாய் நின்றுபோன பிறகும் கடுமையான எண்டோமெட்ரியோசிஸ் இருந்த ஒரு நோயாளிக்கு அரோமட்டேஸைத் தடுக்கும் அனஸ்ட்ரசோல் கொடுத்துப் பலன் கண்டதாக 1998இலேயே பதிவு உண்டு. சினைப்பை ஓய்ந்த உடலில் ஈஸ்ட்ரோஜன் வேறிடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

உங்கள் தரவிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சினைப்பை நுண்பையின் கிரானுலோசா செல்களுக்கு உரிய ஏ.எம்.எச்., இன்ஹிபின் ஆல்பா போன்ற மரபணுக்கள் எந்தெந்த மாதிரிகளில் கூடியிருக்கின்றன என்று பாருங்கள். அரோமட்டேஸ் கூடிய மாதிரிகளும் அவையும் ஒன்றாகவே இருந்தால் கலப்பு என்று ஐயப்பட இடமுண்டு. இதைவிட வலுவான வழி, சினைப்பைக்குத் தொடர்பில்லாத இடங்களில், அதாவது வயிற்று உள்ளுறையிலோ மலக்குடலுக்கும் யோனிக்கும் இடைப்பட்ட பகுதியிலோ எடுத்த புண்களின் தரவில் அதே மரபணுவைத் தேடுவதாகும்.

ஈ-கேட்ஹெரின் குறைவைப் பற்றியும் ஒரு சொல். கதம்ப மாலையில் மல்லிகையைக் குறைத்துக் கட்டினால் மாலையின் மணம்தான் குறையும். ஒவ்வொரு மல்லிகையும் மணம் இழந்துவிட்டதாக ஆகாது. கட்டிச் சுவரில் சுரப்பிகள் குறைவு, நார்த்திசு அதிகம். அதனால் எபிதீலிய மரபணுக்கள் எல்லாமே மொத்தமாகக் குறைந்து தெரியும். அப்படி மொத்தமாகக் குறைந்திருந்தால், ஒரு செல்லுக்குள் ஏதோ அணைந்துவிட்டது என்று எழுதாதீர்கள். இம்யூனோகுளோபுலின் ஏறியதற்கும் இதே கணக்குத்தான்: பிளாஸ்மா செல்கள் அங்கே கூடியிருக்கின்றன. ஆனால் அது நோயைப் பற்றிய உண்மையான செய்தி. 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதையே தன் முதன்மை முடிவாக வைத்தது.

இந்தக் கலப்புச் சிக்கலுக்காகவே தனிச்செல் ஆர்.என்.ஏ. ஆய்வுகள் வந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் சீடார்ஸ்-சைனாய் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு 3,70,000க்கும் மேற்பட்ட செல்களைத் தனித்தனியே அளந்தது. 8 சினைப்பைக் கட்டிகள், 28 பிற புண்கள், 10 கருப்பை உட்சவ்வு மாதிரிகள் ஆகியவற்றோடு, பாதிக்கப்படாத சினைப்பையிலிருந்து 4, நோயில்லாத வயிற்று உள்ளுறையிலிருந்து 4 என்று அக்கம்பக்கத் திசுக்களையும் அவர்கள் சேர்த்துக்கொண்டதைக் கவனியுங்கள். உங்கள் பேராசிரியரின் கேள்விக்கு விடை சொல்லும் வகையில் அமைத்த ஆய்வு அது.

இன்னொன்று. மைக்ரோஅரேயில் மரபணுக்களைக் கண்டறியும் துருவிகள் 54,000க்கும் மேல் இருந்தால், வேறுபாடு எதுவுமே இல்லாத தரவில்கூட 0.05 என்ற வரம்பில் சுமார் 2,700 துருவிகள் தற்செயலாகத் தேறிவிடும். இத்தகைய தற்செயல் தேர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறையில் திருத்திய மதிப்பையே அறிக்கையில் தாருங்கள்.

பதில் 2: நோயியல் மருத்துவர், மதுரை

நான் மரபணு ஆய்வாளன் அல்லன். நீங்கள் எண்களாகப் பார்க்கும் அதே திசுவை நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்ப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சாக்லேட் கட்டி என்று எங்களிடம் வரும் ஜாடியில் பெரும்பாலும் சுருண்டு கிடக்கும் ஒரு சுவர்த் துண்டுதான் இருக்கும். உட்புறம் பழுப்பேறி, வெளிப்புறம் வெளிறிய நார்த்திசுவாக இருக்கும். அதை வெட்டிப் பார்க்கும்போது கருப்பை உட்சவ்வின் சுரப்பிகள், அவற்றைச் சூழ்ந்த ஸ்ட்ரோமா, பழைய இரத்தக்கசிவின் இரும்பை விழுங்கி நிற்கும் மேக்ரோபேஜ் செல்கள் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு தென்பட்டால்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதுவது வழக்கம். பழைய கட்டிகளில் உட்படலம் உரிந்துபோய், பல வெட்டுகள் எடுத்துத் தேடிய பிறகே ஒரு மூலையில் சுரப்பி அகப்படும். ஒரே கட்டியின் இரு துண்டுகளில் ஒன்றில் சுரப்பி நிறைந்திருக்க, மற்றொன்றில் நார் மட்டுமே இருப்பதும் உண்டு. ஆர்.என்.ஏ. எடுக்கத் துண்டு வெட்டியவர் எந்த மூலையை வெட்டினாரோ, அதுவே உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது.

சினைப்பைக் கலப்பு கற்பனையான ஐயம் அன்று. அறுவை மருத்துவர் கட்டியின் சுவரை உரித்தெடுக்கும்போது சினைப்பையின் புறணியும் மெல்லிய ஏடாக உடன் வந்துவிடும். அதில் முதிராத நுண்பைகளை நாங்கள் கண்ணாலேயே பார்க்கிறோம். இரத்தக்குழாய்கள் நுழையும் பகுதியை நெருங்க நெருங்க உடன்வரும் சினைப்பைத் திசு கூடும். எனவே, ஆர்.என்.ஏ. எடுத்த துண்டுக்கு ஒட்டிய பக்கத்தை வெட்டி ஸ்லைடாக்கிப் பார்த்தார்களா என்று மூலக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் தேடிப் படியுங்கள். பார்த்திருந்தால் அத்தரவின் மீது என் நம்பிக்கை கூடும்.

மருந்து விவரத்தையும் கேளுங்கள். டையனோஜெஸ்ட் போன்ற புரொஜெஸ்டிரோன் வகை மாத்திரைகளைச் சில மாதங்கள் உட்கொண்டவரின் திசுவில் சுரப்பிகள் சுருங்கி, ஸ்ட்ரோமா செல்கள் பருத்துத் தோற்றமே மாறியிருக்கும். அந்தத் திசுவில் அளந்த மரபணு வெளிப்பாடு மாத்திரையின் வேலையையும் சேர்த்தே காட்டும்.

எதிர்காலத்தில் உங்கள் துறையினர் இங்குள்ள மருத்துவமனை எதனுடனாவது சேர்ந்து மாதிரி எடுக்க நினைத்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த கையோடு அறுவை அரங்கச் செவிலியரிடம் பேசிவிடுங்கள். திசு வெளியே வந்ததும் ஃபார்மலினில் போடுவது அவர்களுக்குக் கைப்பழக்கம், ஃபார்மலினில் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். ஆர்.என்.ஏ. காக்கும் கரைசல் உள்ள குழாயை முன்கூட்டியே மேசையில் வைத்து, எந்தத் துண்டு எதில் போக வேண்டும் என்று எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

மீண்டும் மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. ஒட்டிய பக்கத்தின் ஸ்லைடைப் பற்றி நான் எடுத்த தொகுப்பின் கட்டுரை எதையும் சொல்லவில்லை. அப்படியானால் கட்டியை விட்டுவிட்டு, நோயுள்ள பெண்களின் கருப்பை உட்சவ்வையும் நோயில்லாத பெண்களின் கருப்பை உட்சவ்வையும் ஒப்பிடுவது முறையாக இருக்குமா? இரண்டும் ஒரே உறுப்பின் திசு என்பதால் கலப்புச் சிக்கல் குறையும் என்று கருதுகிறேன். ஆனால் புண் வேறிடத்தில் இருக்கும்போது கருப்பைக்குள் இருக்கும் சவ்விலும் மாற்றம் இருக்குமா?

பதில் 3: உயிர்த்தகவலியல் ஆய்வாளர், நாகமலை புதுக்கோட்டை

இருக்கிறது, கருத்தரிப்புச் சிக்கலை ஆராய்பவர்கள் பெரிதும் பார்ப்பது அதைத்தான். நோயுள்ள பெண்களின் உட்சவ்வில், கரு பதிய வேண்டிய நாட்களில் உயர வேண்டிய ஹாக்ஸ்-ஏ10, ஹாக்ஸ்-ஏ11 மரபணுக்கள் போதிய அளவு உயர்வதில்லை. புரொஜெஸ்டிரோன் இரத்தத்தில் இருந்தும் திசு அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை என்பதுதான் இந்த மாற்றங்களின் பொதுப் போக்கு. கலிஃபோர்னியாவில் லிண்டா ஜூடிசியின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான நோயுள்ளவர்களின் உட்சவ்வு சுரப்புக் கட்டத்தின் (சினைமுட்டை வெளிவந்த பிறகான பாதி) தொடக்கத்திலும் பெருக்கக் கட்டத்தின் (அதற்கு முன் சவ்வு வளரும் பாதி) மரபணு நடையை விடாமல் வைத்திருந்தது.

இங்கேதான் இரண்டாவது பொறி இருக்கிறது. சினைப்பைக் கலப்பைவிட இதைப் பெரிதென்பேன். கருப்பை உட்சவ்வு மாதத்தின் நாளுக்கேற்ப மாறும் அளவுக்கு உடலில் வேறெந்தத் திசுவும் மாறுவது அரிது. பெருக்கக் கட்டத்திற்கும் நடுச் சுரப்புக் கட்டத்திற்கும் இடையிலான வேறுபாடு, நோய் உண்டாக்கும் வேறுபாட்டைவிடப் பன்மடங்கு பெரியது. நோயுள்ளோரின் மாதிரிகள் பெரும்பாலும் 10ஆம் நாளிலும், நோயில்லாதோரின் மாதிரிகள் பெரும்பாலும் 21ஆம் நாளிலும் எடுக்கப்பட்டிருந்தால், நீங்கள் நாட்காட்டியை அளந்துவிட்டு நோயை அளந்ததாக எழுதிவிடுவீர்கள். அதிலும் நோயே சுரப்புக் கட்டத்தைத் தாமதப்படுத்துகிறது என்பதால், தாமதத்தையும் நாள் வேறுபாட்டையும் பிரிப்பது மிகக் கடினம். கடைசி மாதவிடாய்த் தேதியை நோயாளி நினைவிலிருந்து சொல்வதை மட்டும் நம்பாமல், திசுவின் தோற்றத்தை வைத்து நோயியல் மருத்துவர் கட்டத்தைக் குறித்த தொகுப்பையே எடுங்கள்.

பொதுத் தரவுக் களஞ்சியத்தில் உள்ள ஜி.எஸ்.இ. 51981 என்ற தொகுப்பை நான் பரிந்துரைக்கிறேன். 148 உட்சவ்வு மாதிரிகள். 77 பேர் நோயுள்ளவர்கள், 71 பேர் நோயில்லாதவர்கள். சுழற்சிக் கட்டமும் நோயின் தீவிரமும் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த 71 பேரில் 34 பேருக்கே இடுப்புப் பகுதியில் எந்த நோயும் இல்லை. மற்ற 37 பேருக்கு நார்க்கட்டி போன்ற வேறு கோளாறுகள் உண்டு. இரு குழுவையும் ஒன்றாக்காதீர்கள். வலிக்காக மருத்துவரிடம் வரும் பெண்ணை இன்னொரு வலியுள்ள பெண்ணோடு ஒப்பிடுவதும், நலமாக இருக்கும் பெண்ணோடு ஒப்பிடுவதும் வேறு வேறு கேள்விகள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டையும் தனித்தனியே செய்வேன்.

கணக்கிடும்போது லிம்மா என்ற புள்ளியியல் மென்பொருளில் சுழற்சிக் கட்டத்தை ஒரு காரணியாகச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டத்திற்குக் கட்டம் நோயின் விளைவே மாறுகிறது என்பதால், ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் தனியே ஒப்பிடுவது தெளிவு தரும். குறித்திருக்கும் கட்டத்தைச் சரிபார்க்க, கிளைகோடெலினின் மரபணுவான பி.ஏ.ஈ.பி.யைப் பாருங்கள், சுரப்புக் கட்டத்தில் அது விண்ணென்று ஏறும். செல் பிரிதலைக் காட்டும் கே.ஐ.-67 பெருக்கக் கட்டத்தில் உயர்ந்திருக்கும். இந்த இரண்டையும் இரு அச்சுகளில் வைத்துப் புள்ளியிட்டால், கட்டம் தவறாகக் குறிக்கப்பட்ட மாதிரி உடனே தனித்து நிற்கும்.

பதில் 4: மேலூரிலிருந்து ஒரு தாய்

நீங்கள் எழுதியிருப்பதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் முழுவதும் படித்தேன். என் மகளுக்கு 19 வயது. ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாட்கள் கல்லூரிக்குப் போக முடியாமல் படுத்துவிடுகிறாள். இரத்தத்திலோ உமிழ்நீரிலோ மரபணுச் சோதனை செய்து இந்த நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கைபேசியில் வந்த ஒரு காணொளியில் பார்த்தேன். அதைச் செய்துபார்க்கலாமா, டாக்டர்?

பதில் 5: மகப்பேறு மருத்துவர், மதுரை

அம்மா, இப்போதைக்கு அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். மேலே பேசப்படும் மரபணு வேறுபாடுகள் நோய் எப்படி வளர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. ஒரு தனிப்பட்ட பெண்ணுக்கு நோய் உண்டா இல்லையா என்று முடிவு கட்டும் நிலைக்கு அவை வரவில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க-கருவியல் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிமுறை, உட்சவ்விலோ இரத்தத்திலோ மாதவிடாய்த் திரவத்திலோ உள்ள குறிப்பான்களை அளந்து இந்த நோயைக் கண்டறியக் கூடாது என்றே சொல்கிறது. உமிழ்நீரில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வைத்து பிரான்சில் ஒரு சோதனை உருவாகியிருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகளுக்கு இன்று செய்ய வேண்டியதை அது மாற்றிவிடப் போவதில்லை.

அதே நெறிமுறை உங்களுக்கு ஆறுதலான ஒன்றையும் சொல்கிறது. லேப்ராஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்தினால்தான் சிகிச்சை என்ற கட்டாயம் இப்போது இல்லை. வலியின் தன்மையைக் கேட்டறிந்து, ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. வயிற்று உள்ளுறையில் படர்ந்திருக்கும் மெல்லிய புண்கள் ஸ்கேனில் தெரிவதில்லை. மகளை அழைத்துச் செல்லும்போது, வலி மாதவிடாய்க்கு எத்தனை நாள் முன்பே தொடங்குகிறது, மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ வலிக்கிறதா, வலி மாத்திரை எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். "வயசுப் பிள்ளைக்கு எதற்கு ஹார்மோன் மாத்திரை" என்று வீட்டில் யாராவது தடுத்தால், அவர்களையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர்களுக்கும் பதில் சொல்வது எங்கள் வேலைதான்.

திருமங்கலம் மாணவிக்கு ஒரு சொல். உலகில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்த நோய் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. நோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபுவழியானது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. 60,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 42 மரபிடங்களைக் கண்டது. ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்ற பிற வலிகளோடும் இந்நோய்க்கு மரபுத் தொடர்பு இருப்பதையும் அது காட்டியது. அக்காவுக்கு இருப்பதால் உனக்கும் வந்தே தீரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் உனக்கும் மாதந்தோறும் வேலையை நிறுத்தும் அளவுக்கு வலி இருக்கிறதென்றால், திட்டப்பணி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த மாதமே வந்து காட்டு. அக்காவின் அறுவை அறிக்கையையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் கையில் கொண்டுவா.